உதவிக் குழுவை உடைக்கத்தான் வேணும், ஆனால் இப்படியில்லை

எங்கட பீடத்தில் ஒரு கணினி உதவிக் குழு இருக்குது. நாலு பட்ச்சும் சேர்ந்து வட்ஸ்அப்பில் நடத்துறது. அசைன்மென்ட் பைல் திறபடேல்ல, தமிழில டைப் பண்ண ஏலாம இருக்கு, சூமில சத்தம் கேக்குதில்லை, எதுவென்றாலும் அங்கதான் போய் விழும். இப்போது அந்தக் குழுவை நாலாக உடைப்பம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வின்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று, அன்ட்ரொயிட்டுக்கு ஒன்று. அடுத்த கிழமை வாக்கெடுப்பாம்.

நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். ஒழுங்கமைப்பு மாறத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இயங்குதளத்தின் பெயரால் கோடு கீறுவது எங்களைப் போன்ற ஆக்களுக்குச் சரிவராது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் யோசனை சொன்ன ஆக்களின் பக்கத்தைப் பார்ப்போம், அவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரே கேள்வி கிழமைக்கு மூன்று தரம் வருகிறது. வின்டோஸ் அப்டேட் பற்றிக் கேட்டால் இடையில ஒருவர் வந்து "லினக்ஸுக்கு மாறுங்கோ, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அங்கால ஐம்பது மெசேஜ் சண்டை. போனில டேட்டா குறைவான பிள்ளைகள் குழுவை மியூட் பண்ணிவிட்டுப் போய்விடுவினம். பதில் சொல்லக்கூடிய நாலு பேரும் களைத்துவிட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த வருத்தத்துக்கு அவர்கள் சொல்லுற மருந்துதான் எனக்குப் பிரச்சினை.

இந்தச் சண்டை எங்களுக்கு முந்தியது

எந்தக் கணினிக்கு எந்தக் குழு என்ற கேள்வியை உலகம் எங்களுக்கு முன்னமே பெரிய அளவில் கேட்டுப் பார்த்துவிட்டது. வெப் என்ற ஒன்று வருவதற்கு முன்பிருந்தே யூஸ்நெட் இருந்தது. 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்களான டொம் ட்ரஸ்கொட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த வலையமைப்பு அது. ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தொலைபேசி வழியாக அழைப்பெடுத்துச் செய்திகளைக் கைமாற்றும். இப்படியே ஊர் ஊராகப் பரவும். செய்திகள் தலைப்புவாரியான குழுக்களில் கிடக்கும். எந்தக் குழு வேணுமோ அதைப் படிக்கலாம், பதில் எழுதலாம்.

குழுக்கள் பெருகப் பெருகப் பெயர்கள் குழம்பிப் போயின. 1986 இன் நடுப்பகுதியில் இருந்து 1987 இன் தொடக்கம் வரை பெரிய பெயர்மாற்றம் ஒன்று நடந்தது. கணினிக் கதையெல்லாம் "கொம்ப்", அறிவியல் "சை", பொழுதுபோக்கு "ரெக்", சமூகமும் பண்பாடும் "சொக்", வாய்ச்சண்டைக்கு "டோக்" என்று மரத்தின் கிளைகள்போலப் பிரித்தார்கள். (தமிழர்களுக்கும் இலங்கைக்கும் பின்னாளில் குழுக்கள் வந்தன. அவை "சொக்.கல்ச்சர்" என்ற கிளையில் இருந்தன.)

இதில் கவனிக்க வேண்டியது, "டோக்" என்று ஒரு கிளை ஏன் வந்தது என்பது. செய்தியைக் கடத்துகிற தொலைபேசிச் செலவு பெரிய கணினி நிலையங்களின் தலையில் விழுந்தது. அத்திலாந்திக் தாண்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவது இன்னும் செலவு. சர்ச்சைக் குழுக்களை ஒரே கிளையில் கட்டிவைத்தால், வேண்டாம் என்கிற நிர்வாகி அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிடலாம். ஆக, ஒரு குழுவுக்கு என்ன பெயர், எந்தக் கிளை என்பதை முடிவெடுத்ததில் காசு கட்டினவர்களின் வசதிக்கும் பெரிய பங்கிருந்தது.

அது பிடிக்காத ஆக்களும் இருந்தார்கள். 1987 இல் பிறையன் ரீட், ஜோன் கில்மோர், கோர்டன் மொஃபட் ஆகியோர் "ஓல்ட்" என்ற மாற்றுக் கிளையைத் தொடங்கினார்கள். அங்கே குழு தொடங்க வாக்கெடுப்புத் தேவையில்லை. மற்றக் கிளைகளில் தேவை. முதலில் பகிரங்கமாக ஒரு விவாதம், பிறகு வாக்கெடுப்பு. "இல்லை" வாக்குகளைவிட "ஆம்" வாக்குகள் 100 கூடுதலாக இருக்க வேணும், மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேணும். எங்கட வட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் அழுத்தினாலும் ஒரு வாக்கு, பாதிக்கு மேல் வந்தால் முடிவு. அந்தக் காலத்து ஆக்கள் எங்களைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

பிரிந்தது சரியாக வந்த கதை

இயங்குதளத்தின் பெயரில் பிரிவது எப்போதும் பிழை என்று நான் சொல்லவில்லை. சரியாக வந்த இடமும் இருக்கிறது.

1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெடியன் ஒருவன், மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான குழுவில் ஒரு செய்தி போட்டான். தான் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுவதாகவும், மினிக்ஸில் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று சொல்லும்படியும் கேட்டிருந்தான். அவர்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்தப் பொழுதுபோக்குத்தான் லினக்ஸ்.

மினிக்ஸை எழுதியவர் அன்ட்ரூ தனன்பாம், அம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்தவர். மாணவர்களுக்கு இயங்குதளம் படிப்பிக்கவென்று எழுதினது அது. அவரது குழுவுக்குள்ளேயே லினக்ஸ் கதை பெருகியது. 1992 ஜனவரி கடைசியில் தனன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று தலைப்பிட்டு ஒரு செய்தி போட்டார். டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் எழுதினார், அடுத்த நாளே தொனிக்கு மன்னிப்பும் கேட்டார். இப்படியான வடிவமைப்புக்குத் தன்னிடம் நல்ல புள்ளி கிடைத்திராது என்ற கருத்தில்கூடப் பேராசிரியர் எழுதினார். எங்களுக்கெல்லாம் விளங்கக்கூடிய பயமுறுத்தல்!

அந்த நேரத்தில் லினக்ஸ்காரர் தங்களுக்கென்று குழு தொடங்கினார்கள். முதலில் வாக்கெடுப்பு வேண்டாத "ஓல்ட்" கிளையில். ஆக்கள் உண்மையிலேயே வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதே 1992 இல் "கொம்ப்.ஓஎஸ்.லினக்ஸ்" என்ற முறையான குழு. இது ஏன் சரியாக வந்தது? ஒன்று, புதிய குழுவை நிரப்ப ஏற்கெனவே ஆக்கள் இருந்தார்கள். இரண்டு, கேட்கிறவர்களும் பதில் சொல்கிறவர்களும் ஒன்றாகவே எழும்பிப் போனார்கள். மூன்று, மினிக்ஸ்காரருக்கும் தங்கட வீடு திரும்பக் கிடைத்தது.

இந்த மூன்றையும் எங்கட குழுவில் வைத்துப் பாருங்கோ. மக் வைத்திருக்கிற பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். லினக்ஸ் பாவிக்கிற ஆக்களும் கொஞ்சம்தான், ஆனால் பதில் சொல்லத் தெரிந்த நாலு பேரில் மூன்று பேர் அவர்கள்தான். அன்ட்ரொயிட் குழுவில் யார் இருப்பார்கள்? லப்டொப் இல்லாத எல்லாரும். கேள்வி முழுக்க ஒரு அறையில், பதில் முழுக்க இன்னொரு அறையில். இதைத்தான் உடைப்பு என்று சொல்கிறேன்.

"உதவி" என்ற குழுவுக்கு நடந்தது

லினக்ஸ் குழுவின் கதை அதோடு முடியவில்லை. அது பெருத்து, அறிவிப்பு, உதவி, நிர்வாகம், நிரலாக்கம், பலதும் பத்தும் என்று உள்ளுக்குள் பிரிந்தது. பிறகு அதையும் மாற்றினார்கள். "உதவி" என்ற குழுவையும் "நிர்வாகம்" என்ற குழுவையும் கைவிட்டு, நிறுவுதல், வன்பொருள், வலையமைப்பு, திரைச் சாளரம் என்று வேலையின் பெயரில் குழுக்கள் வைத்தார்கள். நிரலாக்கத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. "உதவி" என்று ஒரு குழு வைத்தால் எல்லாக் கேள்வியும் உதவிதானே? அது குப்பைக்கூடையாகத்தான் போகும். "வலையமைப்பு" என்று வைத்தால் வைஃபை பற்றி நாலு விசயம் தெரிந்தவர் அங்கே நிற்பார், தெரியாதவரும் வருவார். இருவரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே இயங்குதளத்துக்குள் இருந்த ஆக்களே கடைசியில் வேலையைப் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். அமிகா, மக், ஓஎஸ்/2, வின்டோஸ், லினக்ஸ் என்று கனக்கக் கிளைகளில் "அட்வொகசி" என்ற பெயரில் ஒரு தனிக் குழு. என்ர மெஷின் திறமா உன்ர மெஷின் திறமா என்று சண்டை பிடிக்கிறதென்றால் அங்க போய்ப் பிடியுங்கோ என்று அர்த்தம். சண்டையைத் தடைசெய்ய ஏலாது என்று விளங்கிக்கொண்டு அதற்கு ஒரு திண்ணை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "லினக்ஸுக்கு மாறுங்கோ" அண்ணாவுக்கும் ஒரு திண்ணை தேவை. அதற்காக வீட்டையே நாலாகப் பிரிக்கத் தேவையில்லை.

எங்கட கேள்விகள் எந்த அறைக்குப் போகும்?

யூஸ்நெட் மரத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. மக் "கொம்ப்.சிஸ்" என்ற கிளையில், வின்டோஸும் லினக்ஸும் "கொம்ப்.ஓஎஸ்" என்ற கிளையில். மக் என்றால் பெட்டியும் மென்பொருளும் சேர்ந்த ஒரே சாமான், மற்றவை எந்தப் பெட்டியிலும் ஏறக்கூடிய மென்பொருள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வகைப்படுத்துகிற ஆள் கணினி என்று எதை நினைக்கிறாரோ, வகையும் அப்படித்தான் வரும்.

எங்கட நாலு குழு யோசனைக்குள்ளும் ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு ஆள், ஒரு மெஷின், ஒரு இயங்குதளம். கலைப்பீடத்தில் அப்படி எத்தனை பேர்? எங்களில் கனபேர் அசைன்மென்டைப் போனில தொடங்குவம். ரூம்மேட்டின் லப்டொப்பில் கொஞ்சம் அடிப்பம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு கொமினிகேசனுக்குப் போய் அங்கே இருக்கிற பழைய வின்டோஸில் திறந்து பிரின்ட் எடுப்பம். ஒரே அசைன்மென்ட் மூன்று மெஷின் தாண்டித்தான் விரிவுரையாளரின் மேசைக்குப் போகும். பிரச்சினை வருவது பெரும்பாலும் ஒரு மெஷினுக்குள் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்.

எங்கட குழுவில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி எது தெரியுமா? "அக்கா, பாமினியில அடிச்ச டொக்குமென்ட் போனில திறந்தா இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது." இதை எந்தக் குழுவில் கேட்பது? அடித்தது வின்டோஸில், திறந்தது அன்ட்ரொயிட்டில். பதில் இரண்டிலும் இல்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிற எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இருக்கிற மெஷினில் தமிழாகத் தெரியும், இல்லாத மெஷினில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோட்டில் அப்படியில்லை. தமிழுக்கென்றே தனி எண் வரிசை இருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மெஷினும் தன்னிடம் இருக்கிற தமிழ் எழுத்துருவால் காட்டும். ஆகவே பதில், பாமினியில் இருப்பதை மாற்றி மூலம் யூனிகோட்டுக்கு மாற்றுவது. பிரின்ட் மட்டும்தான் வேணுமென்றால் அடித்த மெஷினிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோவது.

1991 இல், லினக்ஸ் பிறந்த அதே வருசம், யூனிகோட்டின் முதற்பதிப்பு வந்தது. தமிழ் அதிலேயே இருந்தது. இவ்வளவு காலம் கடந்தும் எங்கட அசைன்மென்டும், அலுவலகக் கடிதமும், கலியாணக் காட்டும் பாமினியில் கிடக்கிறது. இது வின்டோஸ் பிரச்சினையுமில்லை, அன்ட்ரொயிட் பிரச்சினையுமில்லை, தமிழில் எழுதுகிறவரின் பிரச்சினை. நாலு இயங்குதளத்துக்கு நாலு அறை கட்டினால் தமிழுக்கு அறையே இல்லாமல் போகும். தமிழ் மாணவர்களின் குழுவில்!

யார் வாயை மூடுவார்கள்?

இன்னொன்றையும் நேரே சொல்ல வேணும். இயங்குதளம் என்ற சொல்லே தெரியாமல் முதலாம் வருசத்துக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டில் கணினி இருக்கவில்லை, அவ்வளவுதான். நாலு கதவு வைத்து, சரியான கதவைத் தட்டினால்தான் பதில் என்றால், பிழையான கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? "இது இந்தக் குரூப் இல்லை தங்கச்சி." ஒருக்கா அப்படிக் கேட்டால் அந்தப் பிள்ளை திரும்பக் கேட்காது. குழு அமைதியாக இருக்கும். நிர்வாகிகள் "இப்ப ஒழுங்காகப் போகுது" என்று சந்தோசப்படுவினம்.

யூஸ்நெட்டிலும் இது இருந்தது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் வந்து ஒழுங்கு தெரியாமல் எழுதுவார்கள், பழைய ஆக்கள் முணுமுணுத்துக்கொண்டே பழக்கி எடுப்பார்கள். 1990களின் நடுப்பகுதியை நெருங்க, வீட்டு இணையச் சந்தாதாரர்களும் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். 1993 செப்டெம்பரை "முடியாத செப்டெம்பர்" என்று பழைய ஆக்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பகிடிக்குள் கொஞ்சம் திமிரும் இருக்கிறது. எங்கட குழுவுக்கு வருசா வருசம் ஒரு செப்டெம்பர் இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தானே உதவிக் குழு?

அப்ப என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. என்ர யோசனை இது.

முதலாவது, மெஷினால் இல்லாமல் வேலையால் பிரிப்போம். தமிழில் எழுதுவதும் எழுத்துருவும் ஒன்று. பைல், பிரின்ட், அசைன்மென்ட் அனுப்புவது ஒன்று. இணையமும் டேட்டாவும் சூமும் ஒன்று. மெஷின் வாங்குவதும் திருத்துவதும் ஒன்று. ஐந்தாவதாக ஒரு திண்ணை, சண்டைக்கு. வட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியோ டெலிகிராமின் டொபிக்ஸ் வசதியோ இதற்குப் போதும். இரண்டும் 2022 கடைசியிலேயே வந்துவிட்டன. தேவையானதை மட்டும் திறந்து வைத்தால் டேட்டாவும் மிஞ்சும்.

இரண்டாவது, இயங்குதளத்தை அறையின் பெயரில் இருந்து எடுத்துக் கேள்வியின் முதல் வரியில் போடுவோம். "போன், அன்ட்ரொயிட் 11" அல்லது "லப்டொப், வின்டோஸ் 10" என்று எழுதிவிட்டுக் கேள்வியைக் கேட்கலாம். எங்கே பார்ப்பது என்று தெரியாத பிள்ளைக்கு, செட்டிங்ஸில் "அபௌட்" என்ற இடத்தைக் காட்டும் ஒரு படத்தைக் குழுவின் மேலே குத்தி வைப்போம். பிழையான அறையில் கேட்டால் கேட்ட இடத்திலேயே பதில் சொல்லிவிட்டு, பிறகு இடத்தைக் காட்டலாம்.

மூன்றாவது, "ஆம்" என்று அழுத்துவது மட்டும் போதாது. ஒவ்வொரு அறைக்கும் பதில் சொல்ல இரண்டு பேர் பெயர் கொடுக்க வேணும். இரண்டு பேர் இல்லாவிட்டால் அந்த அறை வேண்டாம். மக் பாவிக்கிற ஆக்கள் நாளைக்குப் பெருகி, பதில் சொல்லவும் ஆள் நின்றால், அப்போது அவர்கள் தனியறை கேட்கட்டும், நானே ஆதரித்து வாக்குப் போடுவேன். லினக்ஸ்காரர் அப்படித்தான் போனார்கள்.

நாலாவது, ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் பார்த்து, ஆள் இல்லாத அறையை மூடுவோம். யூஸ்நெட்டில் குழுவைத் திறப்பதைவிட மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அழிக்கச் சொல்லி வருகிற செய்தியைக் கனக்க நிலையங்கள் கணக்கெடுக்கவில்லை, வெறுமையான குழுக்கள் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. 2024 பெப்ரவரியில் கூகுள் குறூப்ஸும் யூஸ்நெட்டில் புதிதாக எழுதும் வசதியை நிறுத்திவிட்டது. இப்போது அந்த வழியில் பழையதைத் தேடி வாசிக்க மட்டும் ஏலும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. சில கேள்விகள் உண்மையிலேயே ஒரு இயங்குதளத்துக்கு மட்டும் உரியவை. வின்டோஸ் அப்டேட் நடுவில் நின்றுபோனால் மக் பிள்ளைக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. சரி. ஆனால் எங்கட குழுவில் அப்படியான கேள்விகள் குறைவு, வந்தாலும் "மெஷின் திருத்துவது" என்ற அறையில் முதல் வரியைப் பார்த்துத் தாண்டிப் போகலாம். அந்த ஒரு வசதிக்காகத் தமிழ் எழுத்தையும், பிரின்டையும், புதுப் பிள்ளைகளையும் நாலு துண்டாக்குவது கட்டுப்படியாகாது.

நீங்கள் வேறு கம்பஸில், வேறு பீடத்தில் இருக்கலாம். உங்களிடமும் இப்படி ஒரு குழு இருக்கும், இப்படி ஒரு யோசனையும் ஒருநாள் வரும். வாக்குப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கோ. கடைசியாக வந்த இருபது கேள்விகளை மேலே தள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றும் புதுப் பிரிப்பில் எந்த அறைக்குப் போகும், அந்த அறையில் பதில் சொல்ல யார் இருப்பார் என்று எழுதிப் பாருங்கோ. எங்கட குழுவின் இருபதையும் நான் எழுதிப் பார்த்தேன். பதினொன்று, நாலு அறைகளில் எதற்குமே சரிவரவில்லை. அந்தப் பட்டியலை வாக்கெடுப்புக்கு முதல்நாள் குழுவில் போடுவேன்.